70-200, 100-400, 150-600: கார் பந்தயத்துக்கு எந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு போவது?

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் என்று தேதி தெரிந்ததுமே படம் எடுப்பவர்களிடையே பேச்சு லென்ஸில்தான் தொடங்கும். வாடகைக்கு எடுத்தாலும் சரி, கைக்காசு போட்டு வாங்கினாலும் சரி, கடைசியில் மூன்றில் வந்து நிற்கும்: எஃப் 2.8 திறப்புள்ள 70-200, எஃப் 4.5-5.6 வகையில் வரும் 100-400, சிக்மாவும் டாம்ரானும் எஃப் 5-6.3 திறப்பில் தரும் 150-600. 70-200 போன்ற எண்கள் மி.மீ. கணக்கில் குவியத்தூரம்; எண் பெரிதானால் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது, உள்ளே வரும் ஒளி அதிகம். மூன்றுமே நல்ல லென்ஸ்கள்தான். அதனால்தான் கூர்மையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் விடை கிடைக்காது. எங்கே நிற்கப் போகிறீர்கள், கார் எத்தனை மீட்டர் தள்ளிப் போகிறது, ஷட்டரை எவ்வளவு மெதுவாக வைக்கப் போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் லென்ஸ் தானே முடிவாகிவிடும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குத் தோதான இடத்தைத் தேடி வேலியோரம் அலைகிறார்கள்.

தூரத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள்

பந்தயத்தில் ஓடும் ஹேட்ச்பேக்கும் செடானும் 4 முதல் 4.5 மீட்டர் நீளம். பக்கவாட்டில் ஓடும் காரைப் பிடிக்கும்போது முன்னால் கொஞ்சம் கூடுதலாகவும் பின்னால் கொஞ்சமாகவும் இடம் விட்டால், படத்தின் அகலத்துக்குள் 7.5 மீட்டர் அடங்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. கணக்குப் போட்டால் மனத்தில் வைத்துக்கொள்ள எளிதான ஒரு வாய்ப்பாடு கிடைக்கும்: தூரத்தை மீட்டரில் எடுத்து 5 ஆல் பெருக்கினால் வேண்டிய மி.மீ. வந்துவிடும். 40 மீட்டர் என்றால் 200, 80 மீட்டர் என்றால் 400, 120 மீட்டர் என்றால் 600. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய கிராப் சென்சார் உள்ள கேமரா பாடி என்றால் 5 ஆல் அல்ல, 3 ஆல் பெருக்குங்கள். அதே 80 மீட்டருக்கு 240, 250 மி.மீ. போதும்.

காரை நேர் எதிரே, முகத்தைப் பார்த்து எடுப்பது வேறு கணக்கு. அங்கே நிரப்ப வேண்டியது நீளத்தை அல்ல, 1.8 மீட்டர் அகலத்தை. கார் படத்தில் பாதியாவது இருக்க வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேமில் தூரத்தின் 10 மடங்கு, கிராப்பில் ஆறரை மடங்கு தேவை. 60 மீட்டரில் வரும் காருக்கு 600 மி.மீ.! 150-600 வாங்கச் சொல்லித் தூண்டுவது பெரும்பாலும் இந்த எதிர்ப்பக்கப் படம்தான்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். டெலி லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழகியவர்கள் எப்போதும் குறைத்தே சொல்வார்கள். கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் திறந்து, நீங்கள் நிற்கப் போகும் கேலரியிலிருந்து வளைவின் உள்விளிம்பில் சிவப்பு வெள்ளை அடித்திருக்கும் கெர்ப் வரை அளவுகோலை இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. 3.717 கி.மீ. நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இந்த எண் இரண்டு மடங்குகூட மாறலாம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான், எல்லாமே கைக்கெட்டும் தூரம்போலத் தோன்றும், அங்கே 600 மி.மீ.யைக் கொண்டுபோனால் பாதி நேரம் காரின் கதவு மட்டும்தான் படத்தில் இருக்கும். கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்போல ஃபார்முலா ஒன் தரத்தில் கட்டிய ட்ராக்குகளில் நிலைமை நேரெதிர். வழுக்கி வெளியே வரும் கார் நிற்பதற்கென்று வளைவுக்கு வெளியே பெரிய வெற்றிடம் விட்டிருப்பார்கள். பார்வையாளர் வரிசை அதற்கும் அப்பால். அங்கே 70-200 வைத்திருப்பவர் மைதானத்தைப் படமெடுக்கலாம், காரை அல்ல.

ஷட்டர்: பாதி முடிவு இங்கேதான்

120 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 33 மீட்டர். 1/1000 நொடியில் கார் 3.3 செ.மீ. நகரும். சக்கரத்தைப் பாருங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள டயர் அந்த வேகத்தில் நொடிக்குப் பதினேழு, பதினெட்டுச் சுற்று சுற்றுகிறது. 1/1000-இல் அது திரும்பியிருப்பது 6 டிகிரி. வீல் ஆரம் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். ட்ராக் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு யாரோ டீ குடிக்கப் போனதுபோல இருக்கும். 1/250-இல் 25 டிகிரி, 1/125-இல் 50 டிகிரி. ஐந்து ஆரம் உள்ள வீலில் ஓர் ஆரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 72 டிகிரி. ஆகவே 1/125-இல் ஆரங்கள் கலங்கத் தொடங்கும், 1/60-இல் 105 டிகிரி திரும்பி முழு வட்டமாகக் கரைந்துவிடும். கார் ஓடுகிறது என்று கண் நம்புவது அப்போதுதான்.

காரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பதைப் பேனிங் என்பார்கள். அதில் பின்னணியின் இழுவையும் இதேபோலத்தான். படத்தின் அகலம் 7.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/125-இல் பின்னணி படத்தின் அகலத்தில் மூன்றரை சதவீதம் கோடிழுக்கும், 1/60-இல் ஏழு, 1/30-இல் பதினைந்து சதவீதம் வரை. வேலியோர விளம்பரப் பலகையில் உள்ள எழுத்து வண்ணக்கோடாக மாறுவது 1/60 பக்கத்தில். பின்னால் வெறும் வானம் இருந்தால் எவ்வளவு மெதுவாக வைத்தும் பயனில்லை, இழுபட அங்கே எதுவும் இல்லை. இடம் தேடும்போது காரைவிடப் பின்னணியைத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

இப்போது லென்ஸுக்கு வருவோம். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, 1/100 நொடி என்றால் எஃப் 16 வைக்க வேண்டியிருக்கும். 1/60-க்கு இறங்கினால் எஃப் 20. அதாவது பகல் நேரப் பேனிங்கில் எஃப் 2.8 என்ற திறப்பை நீங்கள் தொடப்போவதே இல்லை. அந்தத் திறப்புக்காகக் கொடுத்த பணம் முழுவதும் பையில் தூங்கும். 635 கிராம்தான் எடையுள்ள, எஃப் 5.6-8 என்ற சுமாரான திறப்புள்ள கேனன் ஆர்எஃப் 100-400 போன்ற மலிவு லென்ஸும் இந்த வேலையில் விலையுயர்ந்ததோடு தோளோடு தோள் நிற்கும். இதைக் கேட்டால் 70-200 வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

எஃப் 20-இல் வேறொரு தொல்லையும் இருக்கிறது. ஒளி சிதறிக் கூர்மை மழுங்கும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொன்றும் வானத்தில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். இதற்கு மருந்து, ஒளியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 8 ஃபில்டர் என்ற கருங்கண்ணாடி. எஃப் 20 எஃப் 7.1 ஆகிவிடும். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். கேனனின் இஎஃப் 70-200 எஃப் 2.8, சோனியின் 70-200, 100-400 ஜிஎம், கேனன் ஆர்எஃப் 100-500 எல்லாம் 77 மி.மீ. ஃபில்டர் ஏற்பவை. அந்த அளவு யாரிடமாவது இருக்கும், கடன் கேட்கலாம். சிக்மா கன்டெம்பரரி, டாம்ரான் 150-600, சோனி 200-600 எல்லாம் 95 மி.மீ. அந்த அளவில் நல்ல என்டி தேடினால் விலை மிரட்டும். விலை குறைந்ததைப் போட்டால் 600 மி.மீ.-இல் படம் மெழுகியதுபோல் வரும். வாடகைக் கடையில் லென்ஸ் கிடைக்கும், 95 மி.மீ. ஃபில்டர் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கார் கடந்து போகும் மூன்று நொடி

எந்த லென்ஸாக இருந்தாலும் பேனிங்கின் உடலசைவு ஒன்றுதான், ஆனால் லென்ஸின் எடையும் நீளமும் அதில் புகுந்து விளையாடும். கார் எந்த இடத்தில் உங்களுக்கு நேர் குறுக்கே வருமோ, கால்கள் அந்தப் பக்கம் பார்த்து நிற்கட்டும். இடுப்பை மட்டும் திருக்கி, கார் வரும் திசைக்குப் போங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, இடது கை லென்ஸின் அடியில். கார் வளைவிலிருந்து தலைகாட்டியதும் ஃபோகஸ் பட்டனை அழுத்தி, ஃபோகஸ் புள்ளியை ஓட்டுநரின் ஹெல்மெட்டிலோ முன் கதவிலோ ஒட்ட வைத்துவிடுங்கள். திருகிய இடுப்பு தானாகப் பிரியட்டும். நேர் குறுக்கே வருவதற்குச் சற்று முன்னால் தொடங்கி நான்கைந்து ஷாட். அதோடு நிறுத்திவிடாமல் கார் போன பிறகும் இடுப்பு தொடர்ந்து சுழல வேண்டும். ஷட்டரை அழுத்திய நொடியில் உடம்பு நின்றுவிடுவதுதான் புதியவர்களின் படம் கெடுவதற்கு முதல் காரணம்.

நேர் குறுக்கே என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், கார் கோணலாக இருக்கும்போது அதன் முன்பக்கமும் பின்பக்கமும் உங்கள் கண்ணுக்கு வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. 30 மீட்டர் தூரத்தில், 1/60-இல், நேர்குறுக்கிலிருந்து 20 டிகிரி தள்ளி எடுத்தால் காரின் ஒரு முனை மறுமுனையைவிட நான்கைந்து செ.மீ. கூடுதலாக இழுபடும். முகப்பு கூர்மை, வால் கலங்கல். அதே படத்தை 80 மீட்டரிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தால் இந்த வித்தியாசம் 2 செ.மீ.க்குள் அடங்கும். நீங்கள் திரும்ப வேண்டிய வேகமும் குறையும்: 120 கி.மீ. வேகக் காரைப் பின்தொடர 30 மீட்டரில் நொடிக்கு 60 டிகிரிக்கு மேல் திரும்ப வேண்டும், 80 மீட்டரில் 24 டிகிரி போதும். மெதுவான ஷட்டரில் கார் முழுவதும் கூர்மையாக வேண்டுமென்றால் பின்னால் தள்ளி நின்று நீண்ட லென்ஸில் எடுப்பதே மேல். 100-400-க்கு நாம் போடும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

எடை இருபுறமும் வெட்டும். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1930 கிராம், சோனி 200-600 2115 கிராம். பாடியோடு சேர்த்தால் மூன்று கிலோவைத் தொடும். கனமான பொருள் சீராகச் சுழலும், சின்ன நடுக்கத்தை விழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அது முதல் ஒரு மணி நேரத்துக்கு. மதியம் இரண்டு மணிக்கு இடது தோள் நடுங்கத் தொடங்கினால் 1/60-ஐ மறந்துவிட வேண்டியதுதான். மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கியைப் போடுங்கள், அதோடு லென்ஸைப் பிணைக்கும் காலர் வளையத்தை இறுக்காமல், மோனோபாடோடு சேர்ந்து நீங்களும் சுழலுங்கள். ஸூம் வளையமும் கவனிக்க வேண்டிய ஒன்று. எதிரே வரும் காரை 600-இல் பிடித்து 150 வரை விடாமல் தொடர வேண்டுமானால், சிக்மாவிலும் டாம்ரானிலும் மணிக்கட்டு ஒரே திருகில் போய்ச் சேராது. உள்ளுக்குள்ளேயே ஸூம் ஆகும் சோனி 200-600-இல் திருகல் மிகக் குறைவு. சோனி பாடியில் சிக்மா, டாம்ரான் லென்ஸ் போட்டால் நொடிக்கு 15 படத்துக்கு மேல் ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பேனிங்குக்கு அது தடையல்ல, எதிர்ப்பக்கப் படத்துக்குத் தடை.

கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசரின் ஸ்விட்ச்சை மறக்காதீர்கள். கேனன், சோனி, சிக்மா, டாம்ரான் எல்லாவற்றிலும் பேனிங்குக்கு உரியது மோட் 2. மோட் 1-இல் விட்டால் நீங்கள் காரோடு திரும்பத் திரும்ப லென்ஸ் அதை நடுக்கம் என்று எண்ணி எதிர்த்து இழுக்கும். பத்துப் படத்தில் ஒன்றுகூடத் தேறாமல் போகும்போது கையைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஸ்விட்ச்சைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் 1/60-இல் பத்துக்கு ஒன்றிரண்டு தேறினால் போதும், மனம் தளர வேண்டாம். காலையில் 1/250-இல் தொடங்கி, கை பழகப் பழக 1/125, 1/80 என்று இறங்குவதே முறை.

வெயில், வேலி

150-600-க்கு எதிராக நாம் வைக்கும் முக்கிய வாதம் எடையோ விலையோ அல்ல, கானல். தார் கொதிக்கத் தொடங்கியதும் அதன் மேல் காற்று அலையடிக்கிறது. 150 மீட்டருக்கு அப்பால் உள்ள காரை 600 மி.மீ.-இல் எடுத்தால் ஹெட்லைட் உருகி வழிவதுபோல் இருக்கும், எண் பலகை நெளியும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து லென்ஸைக் கடைக்குத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் அது போகாது. லென்ஸுக்கும் காருக்கும் இடையில் கொதிக்கும் காற்றின் நீளத்தைக் குறைப்பது ஒன்றே வழி, அதாவது கிட்டே போவது. சென்னைப் பக்கத்து ட்ராக்கில் காலை ஒன்பது, ஒன்பதரை வரையும், பிறகு மாலை வெயில் சாய்ந்த பின்னும்தான் 600 மி.மீ.க்கு வேலை. நடுப்பகலில் அது மூன்று கிலோ பாரம்.

வேலியைப் பொறுத்தவரை பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது: எஃப் 2.8 இருந்தால்தான் கம்பி மறையும் என்று. கம்பியைக் கரைப்பது எஃப் எண் அல்ல, திறப்பின் உண்மையான விட்டம். 200 மி.மீ. எஃப் 2.8-இல் அது 71 மி.மீ.; 400 மி.மீ. எஃப் 5.6-இலும் அதே 71, 600 மி.மீ. எஃப் 6.3-இல் 95. மூன்றுமே மூன்று மி.மீ. கம்பியை விழுங்கிவிடும், லென்ஸை வேலிக்கு மிக அருகில் வைத்து, திறப்பை முழுதாக விட்டிருந்தால். எஃப் 11-க்குச் சுருக்கினால் எல்லா லென்ஸிலும் கம்பி நிழலாகத் தெரியும். பேனிங்குக்கும் வேலிக்கும் ஒத்துவராததற்குக் காரணம் இதுதான். என்டி ஃபில்டர் அங்கே இரட்டிப்புப் பயன் தரும். வெயில் நேராகப் படும் கம்பி படம் முழுவதும் வெள்ளைப் புகையாகப் படரும். தொப்பியாலோ கையாலோ கம்பியின் மேல் நிழல் விழச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபோகஸ் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டால் ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் ஸ்விட்ச்சைப் பயன்படுத்துங்கள். சிக்மா 150-600-இல் அது 10 மீட்டரிலிருந்து முடிவிலி என்ற நிலை.

இரவுப் பந்தயம்

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கி.மீ. சாலையில் மின்விளக்கு வெளிச்சத்தில் கார்கள் ஓடியபோது, பகல் ட்ராக்கில் பழகிய கணக்கெல்லாம் புரண்டுவிட்டது. எஃப் 2.8-க்கும் எஃப் 6.3-க்கும் இடையில் ஐந்து மடங்கு ஒளி வித்தியாசம்: 70-200 ஐஎஸ்ஓ 3200-இல் முடிக்கும் வேலைக்கு 150-600-இன் நுனியில் 16000 தேவை. தெருப் பந்தயத்தில் கான்கிரீட் தடுப்பு சாலையை ஒட்டியே இருப்பதால் தூரமும் குறைவு. காரை உறைய வைத்து எடுக்க நினைத்தால் இங்கே 70-200-க்குப் போட்டியே இல்லை. எட்டவில்லை என்றால் லென்ஸுக்கும் பாடிக்கும் இடையில் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டு 280 எஃப் 4 ஆக்கலாம். ஆனால் எல்லா 70-200-உம் கன்வெர்ட்டரை ஏற்காது. 2019-இல் வந்த நீண்டு சுருங்கும் கேனன் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 ஏற்காதவற்றில் ஒன்று. சோனி மவுண்ட்டுக்கான சிக்மா, டாம்ரான் லென்ஸ்களும் அப்படியே.

பேனிங் செய்பவருக்கு மட்டும் இரவு அவ்வளவு கொடுமையல்ல. எஃப் 2.8-இல் 1/400 கேட்கும் வெளிச்சம், எஃப் 5.6-இல் 1/100-க்குப் போதும். அந்த 1/100 வேறொரு விதத்திலும் நல்லது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். 1/1000-இல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்தால் ஒன்று பிரகாசம், அடுத்தது மஞ்சள் மங்கல் என்று வருவது அதனால்தான். 1/100-உம் 1/50-உம் ஒரு முழு அலையையோ இரண்டையோ உள்ளே எடுத்துக்கொள்வதால் படங்கள் ஒன்றுபோல் வரும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறிவிடுங்கள். இல்லையென்றால் எல்இடி பலகைகளில் பட்டைப் பட்டையாகக் கோடு விழும், சக்கரம் முட்டை வடிவம் எடுக்கும். சென்சாரை மிக வேகமாகப் படிக்கும் நிக்கான் இசட் 9, சோனி ஏ9 III போன்ற பாடிகளுக்கு மட்டுமே இதில் விலக்கு.

எடுத்துப் போவது எதை?

கிராப் பாடி வைத்திருந்து, பகல் பந்தயத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் முடியும் என்றால் 100-400. இதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. 35 மீட்டரிலிருந்து 120 மீட்டர் வரை பக்கவாட்டுப் படம், 60 மீட்டரில் எதிர்ப்பக்கப் படம், 77 அல்லது அதற்கும் சிறிய ஃபில்டர், ஒரு நாள் முழுவதும் தாங்கும் எடை. ஃபுல் ஃபிரேமோடு பொதுமக்கள் கேலரியில் உட்காரப் போகிறவருக்கு 400 சில வளைவுகளில் போதாது. வரைபடத்தில் அளந்த தூரம் 90 மீட்டரைத் தாண்டினால் 150-600 எடுங்கள், கூடவே மோனோபாட், அதிகாலையில் எழும் மன உறுதி. ஊடக அனுமதியோடு வேலிக்கு அருகே நிற்பவருக்கும் தெருப் பந்தயத்துக்கும் 70-200. கார்களைப் பழுதுபார்க்கும் பிட் லேனுக்கும், தொடக்கத்தில் அவை வரிசையாக நிற்கும் கிரிட்டுக்கும் 24-70 ஒன்று இரண்டாவது பாடியில் தொங்கட்டும், அதைப் பற்றி யோசிக்க எதுவுமில்லை. ட்ராக்கோரத்தில் நின்று லென்ஸைக் கழற்றி மாற்றும் திட்டம் மட்டும் வேண்டாம். டயர் தேய்ந்து பறக்கும் கருந்தூள் சென்சாரில் ஒட்டினால் ஊதினால் போகாது.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடை மேசையிலேயே செய்ய வேண்டியது: மோட் 2-இல் ஸ்டெபிலைசர் முனகுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள், காலரின் திருகு வழுக்காமல் இறுகுகிறதா பாருங்கள், லென்ஸ் ஹூட் பையில் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு கடை வாசலுக்கு வந்து, சாலையில் போகும் பத்து ஆட்டோக்களை 1/60-இல் பேனிங் செய்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.